மூன்றாவது முறையும் ஃபெயில்

கொள்ளிடக் கரையில் போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் டிரோன் பயிற்சி. ஆற்றில் மிதக்கும் பொம்மையைக் கண்டுபிடித்தால் பாஸ். கண்டுபிடிக்காதவர் அடுத்த அணியோடு மறுபடி பறக்கவிட வேண்டும். தீயணைப்பு வீரர் ரெங்கராஜ் மூன்றாவது முறையாக ஃபெயில்.

"பொம்மை மேற்கால கெடக்குங்க. நீங்க கெழக்காலயே ஓட்டி பேட்டரியத் தீக்குறீங்களே!" சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணன் டிரோனுக்கு ரங்கநாதர் கோபுர தரிசனம் காட்டுறாருங்க" என்றார் மணப்பாறை போலீஸ்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ரெங்கராஜும் சிரித்துவிட்டு, ஒதுங்கிப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"வேணி, இன்னைக்கும் ஃபெயிலாயிட்டேன். நாளைக்கும் டிரோன் தருவாங்க. ஆபீஸ்ல தேடுறத நிறுத்திட்டாங்கன்னா என்ன, நான் தேடுறேன். திருவானைக்காவல் வரைக்கும் நாணல் நாணலாப் பாத்துட்டேன். ஆத்தோட போன நம்ம புள்ள அங்க இல்ல. நாளைக்கு அதுக்கும் கீழ பாக்குறேன். நீ சாப்பிடு."