கேபிள் தள்ளாது

"பாலத்தை மூடணுமா? மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கு, தோருன். விளையாடுறீங்களா?"

நகரத் தலைவர் ஆர்ன்ஃபின் மேசையைத் தட்டிய தட்டில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின. மற்ற பத்து உறுப்பினர்களும், கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் தோருனைப் பார்த்தார்கள். நகராட்சிக்குப் புதிதாக வந்த பொறியாளர் அவள்.

"எழுநூறு பிள்ளைங்க கொடியும் பேண்டுமா அது மேல வருவாங்க. கூட்டம் ஒரு பக்கமா ஒதுங்குச்சுன்னா எதிர்ப்பக்கத்துல பாலத்தைத் தாங்குற ரெண்டு கேபிள் தொய்ஞ்சுடும். பாலம் சாஞ்சிடும்."

"ஆறு வருஷமா நிக்குதே! கம்ப்யூட்டர் கணக்கும் சரின்னுதானே சொல்லுது?"

"கணக்குலதான் கோளாறு. கேபிளை இரும்பு உத்தரம் மாதிரி போட்டிருக்காங்க. உத்தரம் இழுக்கும், முட்டுக் கொடுத்துத் தள்ளவும் செய்யும். கேபிளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும்."

"ஒண்ணும் புரியல."

தோருன் எழுந்து போய் அவர் டையைப் பிடித்து இழுத்தாள். தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"இழுத்தா வர்றீங்க. இதாலயே உங்களைத் தள்ளிக் காட்டட்டுமா?"

தள்ளினாள். டைதான் மடங்கியது, தலைவர் அசையவில்லை. அறையே சிரித்தது, அவரைத் தவிர.

தோருன் லேப்டாப்பில் 'இழுவை மட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கணக்கை மறுபடி ஓட விட்டாள். பழைய கணக்கில் நாலு சென்டிமீட்டர் மட்டுமே இறங்கிய பாலம், இப்போது திரையில் முப்பது சென்டிமீட்டர் சாய்ந்து சிவந்தது. சிரிப்பு அடங்கிப்போயிற்று.

ஓட்டெடுப்பு நடந்தது. பத்துக் கைகள் உயர்ந்தன. வேண்டா வெறுப்பாகத் தலைவருடையதும். பாலம் மூடப்படும். ஊர்வலம் தேவாலயத் தெரு வழியாகச் சுற்றிப் போகும். பிள்ளைகள் பிழைத்தார்கள்! தோருன் சிரித்தபடி லேப்டாப்பை மூடினாள்.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க," என்று கையைக் குலுக்கினார் ஆர்ன்ஃபின். "ஆனா இந்தக் கணக்கைப் போட்ட மடையனை நான் சும்மா விடப் போறதில்ல." பழைய கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "ஸ்லெத்தன்னு கையெழுத்து இருக்கு. யாருங்க அவன்? இப்ப எங்க இருக்கான்?"

தோருன் தலை குனியவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா என்னைத் திட்டுறதுலயே கூட்டம் முடிஞ்சிருக்கும், பாலத்தை மறந்திருப்பீங்க," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான்தான் ஸ்லெத்தன்."