மதிலுக்கும் சுவருக்கும் நடுவே

"எழுதிப் போட்டவன் கை வெளங்காமப் போக!" கட்டட ஆய்வாளர் கேட்டைத் திறப்பதற்குள் அந்த வீட்டு அம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

அவர் அளவு நாடாவை நீட்டினார். வீட்டின் பக்கவாட்டில் புது அறைக்கான சுவர் இடுப்பு உயரம் எழும்பியிருந்தது. அதற்கும் மதிலுக்கும் நடுவே சட்டப்படி ஐந்து அடி காலி இடம் விட வேண்டும். இருந்ததோ மூன்றேகால் அடி. அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடிதத்திலும் அச்சு அசலாக அதே மூன்றேகால்.

அதுதான் அவரைக் குடைந்தது. பொறாமையில் எழுதுகிறவன் குத்துமதிப்பாக எழுதுவானே தவிர, கால் அடி வரை சுத்தமாக எழுத மாட்டான். அடுத்தவர் கேட்டுக்குள் வந்து யார் அளந்தது?

மதிலுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன்.

"புகார் குடுத்தது நீங்களா?" ஆய்வாளர் சும்மா கேட்டு வைத்தார்.

"நல்லா இருக்கே! அந்த ரூமுக்கு வயரிங் பண்ணப் போறதே நான்தான் சார். என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்குவேனா?"

தலை மறைந்தது. சந்தேகப்பட இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

அதற்குள் அம்மாளின் மகன் வரைபடத்தோடு ஓடி வந்தான். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார். வீட்டுல ஒரே ரூம். என் மனைவி நர்ஸ், இது ஏழாவது மாசம். ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்."

"பக்கத்துலயே வீடு பார்க்கறதுதானே?"

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸே குடுக்கறாங்க. அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? இந்த ரூம் முடிஞ்சா, அவளை வேலையை விடச் சொல்லிட்டு எல்லாரும் இங்கேயே இருந்துக்கலாம்னு பார்த்தேன்."

"கேட்டீங்களா சார்? எம்புள்ளை என்னோட இருக்கணும்னு ஆசையா கட்டற ரூம்! எவன் கண்ணை உறுத்துச்சோ!" அம்மாளின் குரல் தெருமுனை வரை போனது.

ஆய்வாளருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் தீப்பிடித்தால் ஆள் நுழைய அந்த ஐந்து அடிதான் வழி. வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டார். "இந்த இடத்துல ரூம் வராது தம்பி. மேல கட்டலாம்னா அஸ்திவாரம் தாங்காது."

மகன் செங்கல் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தான்.

"அப்போ குவார்ட்டர்ஸ்தாம்மா. வேற வழியில்ல. ஞாயித்துக்கிழமை போயிடறோம்."

அம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகன் அவள் தோளைத் தொட்டுவிட்டு, மனைவிக்குப் போன் செய்ய உள்ளே போனான்.

ஆய்வாளர் தயங்கி நின்றார். "சங்கடமாத்தான் இருக்கும்மா. எழுதினது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கே இருக்கு."

அம்மாள் கைகளை எடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"போங்கடான்னு சொன்னா கேட்டானா சார்? அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா? அதான், அவன் ஆபீசுக்குப் போனப்புறம் நானே அளந்து எழுதிப் போட்டேன்."