பாஷா நாற்காலி

"ரத்வா, உம்மு ஷவ்கிக்கு அந்தப் பிரம்பு ஸ்டூலை இழுத்துப் போடும்மா!"

சமையலறையிலிருந்து மாமியார் இன்ஷிரா குரல் கொடுத்ததும் ரத்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தின் நடுவில் காலியாகக் கிடந்தது பாஷா நாற்காலி. வால்நட் மரம். சாயும் இடம் முழுக்கப் பூவும் கொடியும், நடுவில் வாயைப் பிளந்த சிங்கமுமாகச் செதுக்கியிருந்தது. மாமனாரின் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்து ராஜாங்கத்தில் பாஷா பட்டம் வாங்கிய பெரிய பிரபுவாம். கெய்ரோவில் அந்தத் தெருவே இந்தக் கதையைக் கேட்டுக் களைத்துவிட்டது.

காலையில் பெரிய இடத்து இஃப்பத் அம்மாள் வந்தபோது, "உங்களுக்கு இதுதான் பொருத்தம்" என்று மாமியார் அதில் உட்கார வைத்தாள். வாட்ச்மேன் பொண்டாட்டி உம்மு ஷவ்கி என்றால் மட்டும் ஸ்டூல்!

கல்யாணமாகி வந்த நாளாக இதே கூத்து. இன்றைக்கு ரத்வாவால் பொறுக்க முடியவில்லை.

"உம்மு ஷவ்கி, நீங்க இதுல உக்காருங்க."

"ஐயோ, வேணாம் சின்னம்மா!"

"ஏன், நீங்க மனுஷி இல்லையா? யார் என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

தோளைப் பிடித்து உட்கார வைத்தே விட்டாள்.

"அம்மாடியோவ்!" உம்மு ஷவ்கி துள்ளி எழுந்து முதுகைத் தேய்த்தாள். "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன் சின்னம்மா?"

டீயோடு வந்த இன்ஷிரா சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது.

"அந்தச் சிங்கம் முதுகெலும்பை ஒவ்வொண்ணா எண்ணிடும்டி! உக்காந்தவங்க பாதி டீயிலேயே எழுந்து ஓடிடுவாங்க. நம்ம அந்தஸ்தைப் பாக்க வர்றவங்களுக்குத்தான் அது. இவ என்னைப் பாக்க வர்றவ. சாவகாசமா உக்காந்து ஊர்க்கதை பேச வேணாமா?"

ரத்வாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அது போகட்டும். நாளைக்கு உங்கம்மா வர்றாங்களே, எதுல உக்கார வைக்கட்டும்? நமக்குள்ள என்ன மரியாதை, ஸ்டூலே போட்டுடலாமா?"

ரத்வா கொஞ்சம் யோசித்தாள்.

"பாஷா நாற்காலியே இருக்கட்டும் அத்தை. முதுகுல குத்தினா அம்மா பொறுத்துக்குவாங்க. ஸ்டூலைப் போட்டா பொறுத்துக்க மாட்டாங்க."