தொப்பையனின் ஃபில்டர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் உருப்படியாகக் கழுவத் தெரிவதில்லை. தண்ணீரில் காட்டி எடுத்துவிட்டு, கழுவியாச்சு என்பார்கள். டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால்தான் வண்டவாளம் தெரியும்.

அதனால்தான் மீன் தொட்டி ஃபில்டரைப் பெரியவர் இன்னொருத்தர் கையில் விடுவதில்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மோட்டாரைக் கழற்றி, பஞ்சை உருவி வாளியில் போட்டார். அலமாரிக்குக் கையை நீட்டினால் சோப்புத்தூள் டப்பாவைக் காணோம். நேற்றுக்கூட இருந்தது.

"யாரது, சோப்புத்தூளை ஒளிச்சு வெச்சது?"

போட்ட சத்தத்தில் மருமகள் ஓடி வந்து வாசலில் நின்றாள். "நான்தான் மாமா. இன்னிக்குக் கழுவாதீங்க. மீன் கடை அண்ணனை வரச் சொல்லியிருக்கேன்."

"அதானே பார்த்தேன்! ஆள் வெச்சுட்டியா?"

அவருக்கு வயிறு எரிந்தது. கரண்ட் பில்லை மகன் உட்கார்ந்த இடத்திலேயே போனில் கட்டிவிடுகிறான். காய்கறியை எவனோ வாசலில் வைத்துவிட்டு மணியடித்து ஓடுகிறான். பல்பு மாற்ற ஏணியில் ஏறினால் வீடே கூடி இறக்கிவிடுகிறது. மிச்சம் இருந்தது இந்த ஃபில்டர் ஒன்றுதான். அதிலும் கை வைத்துவிட்டாள்.

"ஆளெல்லாம் வைக்கலை மாமா. எப்படிக் கழுவணும்னு உங்களுக்குக் காட்டத்தான்..."

"எனக்கா? கழுவுறதுக்கா? எனக்கே காட்ட ஆளா?"

வாசல் மணி அடித்தது. கையில் ஒரு வாளியும் ரப்பர் குழாயுமாக வண்ண மீன் கடைக்காரர் உள்ளே வந்தார். பெரியவர் ஈரக் கையோடு ஹாலுக்கு வந்து, தொட்டிக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"கோவப்படாம கேளுங்க பெரியவரே. அந்தப் பஞ்சுக்கு சோப்பே போடக் கூடாது. அதுல ஒரு வழவழப்பு இருக்கும் பாருங்க, அதுதான் தண்ணியில சேர்ற விஷத்தைத் தின்னுது. தொட்டித் தண்ணியையே வாளியில எடுத்து, அதுல ரெண்டு அமுக்கு அமுக்கினாப் போதும்."

"அழுக்குத் தண்ணியில அழுக்கைக் கழுவுறதா? உங்க வீட்டுல சட்டையைச் சாக்கடையிலதான் துவைப்பீங்களோ?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்கு அதில் கோபம் இன்னும் சுர்ரென்று ஏறிற்று.

"சிரிக்காதய்யா!"

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன். நீங்க கழுவுற கழுவலுக்கு மீன் ஒரு வாரம் தாங்காது."

"தாங்காதா? இங்க வாய்யா, வந்து பாரு!"

கையைப் பிடித்து இழுத்துத் தொட்டி முன்னால் நிறுத்தினார். உள்ளே அவர் தொப்பையன் என்று பேர் வைத்திருந்த மீன் வாலை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"என் பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்தப்போ வாங்கினது. இப்போ அவ சைக்கிள்ல பறக்கிறா. இவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். ஒவ்வொரு தடவை நான் கழுவிப் போட்டதும் நாலு நாள்ல தொப்பை வத்தி, குட்டி மாதிரி சுறுசுறுன்னு ஓடுவான். சுத்தம்யா, சுத்தம்! உன் கடையில ஒரு மீனுக்காவது இப்படி வயசு குறையுதா?"

கடைக்காரர் தொட்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் லேசாகத் தலையசைப்பதைக் கண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

பெரியவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறீங்க? எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சாச்சா? மாசாமாசம் வந்து வாளியில தண்ணியை ஆட்டிக் காட்டிட்டுப் போகலாம்னு திட்டமாக்கும்!"

"ஐயோ மாமா, அவரு ஒண்ணும்..."

"நீ பேசாத! உனக்கு ஆரம்பத்துலேருந்தே இந்த மீனைக் கண்டா ஆகாது. ஹாலெல்லாம் கவிச்சி அடிக்குதுன்னு மூக்கைப் பொத்தினவதானே நீ? அது செத்து ஒழிஞ்சா அந்த மூலையில சோபா போடலாம்னு பார்க்கிற."

மருமகளின் முகம் சுண்டிப்போயிற்று. பதிலுக்கு வெடித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. "மாமா, அந்த மீன்..." என்று ஆரம்பித்தவள், மூச்சு வாங்க நின்ற கிழவரைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை தொட்டித் தண்ணியில அலசிப் பாருங்களேன் மாமா. நீங்களே செய்யுங்க. வேற யாரும் தொட வேணாம்."

"முடியாது."

திரும்பி நடந்தார். போகிற வழியில் சமையலறைக்குள் புகுந்து, பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பெரியவரே, வேணாம்!" என்று கடைக்காரர் பின்னாலிருந்து பதறினார்.

"வழவழப்பு விஷத்தைத் தின்னுதாம்! காதுல பூ சுத்த வேற ஆளைப் பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் குளியலறைக் கதவைப் படாரென்று சாத்தினார். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது.

மருமகள் பெருமூச்சு விட்டாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, போன மாசம் குடுத்தீங்களே, அதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?"