காளிதாசன் போட்ட கண்டனம்

"அந்தப் பிள்ளையப் பள்ளிக்கூடத்த விட்டே அனுப்புங்க டீச்சர்! அப்பத்தான் மத்ததுங்களுக்குப் புத்தி வரும்."

தலைமையாசிரியை பிரேமாவதியின் மேசைக்கு முன்னால் நின்றபடியே கத்தினார் காளிதாசன். மலேசியாவின் கோலா கெத்தில் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர். ஊரிலுள்ள வாட்சாப் குருப்புகளில் பாதிக்கு மேல் அவர் இருந்தார். தினமும் காலையில் ஒரு பூப்படம், ஒரு வணக்கம், அடியில் தன் கடைப் பெயர் இவ்வளவையும் அனுப்பாவிட்டால் மனுஷனுக்குக் காப்பி இறங்காது.

இன்றைக்கு அவர் கோபம் நியாயமானதுதான். ஆறாம் ஆண்டு மாணவி ரூபினி, தேவகி டீச்சரின் முகத்தை எடுத்து, குலுங்கிக் குலுங்கி ஆடும் யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி வீடியோ செய்துவிட்டாள். மூன்றே நாளில் ஊரே பார்த்துவிட்டது. தொலைவில் ஜித்ரா ஊரில் இருக்கும் தேவகியின் மாமியார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தேவகி ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. மாற்றல் கேட்டுக் கடிதமும் கொடுத்துவிட்டார்.

"அவங்க மாதிரி டீச்சர் கிடைப்பாங்களா? என் மக எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்னா அவங்க புண்ணியம். அவ போன்ல அந்தக் கண்றாவியப் பாத்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சி. சும்மா விடல. அன்னிக்கே பதினாறு குருப்புல கண்டனம் போட்டேன்!"

"பாத்தேன் அண்ணே. மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரூபினி விளையாட்டுப் புத்தியில ரெண்டு கூட்டாளிக்குத்தான் அனுப்பியிருக்கா. மறுநாளே பயந்துபோயி, தேவகிகிட்ட வந்து அழுது ஒத்துக்கிட்டா. அவங்கப்பா, அம்மாவையும் கூப்பிட்டுப் பேசிட்டேன். தேவகியும் மன்னிச்சிட்டாங்க."

"என்னா டீச்சர், ரெண்டு பேருக்கு அனுப்புனது எப்படி ஜித்ரா வரைக்கும் போவும்?"

"அதத்தான் விசாரிச்சேன். பரப்புனது பெரியவங்க."

காளிதாசன் மேசையில் ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"நெனச்சேன்! பச்சப்பிள்ள தெரியாம செஞ்சிட்டா. வளர்ந்த எருமைக்கு எங்க போச்சி புத்தி? போலீஸ் ரிப்போட் பண்ணுங்க டீச்சர். சங்கத்து சார்புல நானே கையெழுத்துப் போடறேன்."

"தேவகி ரிப்போட் வேணாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்? பயமா? நாங்கள்லாம் இல்ல?"

"பயம் இல்ல. 'அந்த ஆளு கெட்ட எண்ணத்துல செய்யல டீச்சர், பாவம். ரிப்போட்டு அது இதுன்னு போனா ஊருல அவரு பேரு கெட்டுப் போயிரும்'னு சொன்னாங்க. பேர வெளிய விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் கேக்காத குறைதான்."

காளிதாசன் குனிந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். தன் மானம் போன நேரத்தில் அடுத்தவன் பேரைப் பற்றிக் கவலைப்படும் மனசு யாருக்கு வரும்? அந்த டீச்சருக்காக அவருக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"அவங்க விடலாம். நான் விடமாட்டேன்லா! யாருன்னு மட்டும் காட்டுங்க. அவன் மூஞ்சிய ஊருக்கே காட்டறேன்."

பிரேமாவதி கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, தேவகியின் மாமியாருக்கு வந்திருந்த செய்தியைத் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

வீடியோவில் தேவகி டீச்சரின் முகம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இந்தக் கொடுமையைப் பாருங்கள்! ஆசிரியையின் மானம் காப்போம்! அனைவருக்கும் பகிருங்கள்!'

அதற்கும் கீழே, வழக்கம்போல, காளிதாசனின் கடைப் பெயர் இருந்தது.