பெரிய எழுத்து

"இது மருந்துக் கம்பனியா, பாலர் வகுப்பா?"

ஸ்ரீஸ்கந்தராசா இப்படிக் கேட்டதும் ஓபிஸ் முழுக்கச் சிரித்தது. றம்ஸியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்த அந்த மருந்து விநியோகக் கம்பனியில் அவர்தான் மூத்த கிளாக்கர். கடைகள் அனுப்பும் ஓடர்களைக் கொம்பியூட்டரில் வாசித்துப் பதிவது அவர் வேலை. அந்தக் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அக்குறணையிலிருந்து வரும் றம்ஸியாவின் வேலை. அவள் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை.

போன கிழமை அவள் டெம்ப்ளேட் என்று ஒன்றை எழுதிப் பிரதான கொம்பியூட்டரில் போட்டாள். அங்கே என்ன சொல்லியிருக்கிறதோ அதைத்தான் மற்ற எல்லாக் கொம்பியூட்டரும் கேட்கும். மறுநாள் காலை பார்த்தால் எல்லாருடைய திரையிலும் எழுத்துக்கள் கடலைக்கொட்டை அளவில் நின்றன. பாதி ஓடர்தான் தெரிந்தது. மீதிக்குத் திரையை இறக்கிக்கொண்டே போக வேண்டும். சின்னதாக்கப் பார்த்தால், உனக்கு அனுமதி இல்லை என்றது.

"ரோட்டுப் பலகை படிக்கிற மாதிரி இருக்குங்க," என்றான் பன்விலவிலிருந்து வரும் அமலதாஸ்.

மூத்தவர் என்ற முறையில் ஸ்ரீஸ்கந்தராசா முதலாளி மர்சூக்கிடமே போய்விட்டார்.

முதலாளி றம்ஸியாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பிழை குறையட்டும் என்றுதான் செய்ததாக அவள் சொன்னாள். குறைந்ததென்னவோ உண்மைதான், இந்தக் கிழமை ஒரு மருந்தும் கணக்கு மாறிப் போய்த் திரும்பி வரவில்லை என்று முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

"அப்ப பிழை விடுற ஆக்களுக்குப் போடச் சொல்லுங்கோ, முதலாளி. எனக்கு எடுத்துவிடட்டும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

றம்ஸியா அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் பகல் சாப்பாட்டுக்குப் போன பிறகு எடுத்துத் தருவதாகச் சொன்னாள்.

சொன்னபடியே வந்தாள். அவருடைய கொம்பியூட்டரை மட்டும் டெம்ப்ளேட்டிலிருந்து விலக்கினாள். திரை பழையபடி வந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா கதிரையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அப்போதும் எழுத்துக்கள் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் இருந்தன. விட்டுக்கொடுக்காமல் முதல் ஓடரை வாசித்தார்.

"பேராதனைக் கடை. எண்பது பெட்டி."

"முப்பது, சேர்," என்றாள் றம்ஸியா மெதுவாக.

மூக்கு திரையில் முட்டுமளவுக்கு அவர் குனிந்தார். முப்பதுதான்.

சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. மனுசியும் பிள்ளைகளும் அங்கே. அவர் இங்கே ஒரு வாடகை அறையில். கண்டியில் உனக்கு என்ன வேலை என்று பொலிஸ் கேட்கும்போதெல்லாம் அவர் எடுத்து நீட்டுவது இந்தக் கம்பனி அட்டையைத்தான். வேலை போனால் அட்டையும் போய்விடும். அந்தப் பயத்தில், கண் மங்கி வருவதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"எப்பிடிக் கண்டுபிடிச்சீர், பிள்ளை?"

திரும்பி வந்த மருந்துகளைப் பார்த்தபோது விளங்கியதாம். எல்லாமே மூன்றும் எட்டும் மாறிப்போன ஓடர்கள், எல்லாமே இந்த மேசையிலிருந்து போனவை. யார் விட்ட பிழை என்று முதலாளி தேடத் தொடங்குமுன் ஏதாவது செய்ய நினைத்தாளாம். அவளுடைய வாப்பாவுக்கும் இதே மாதிரித்தான் இருந்ததாம். பேராதனை ஆஸ்பத்திரியில் கண்ணில் படர்ந்திருந்ததை எடுத்துவிட்டார்கள், இப்போது மனுசன் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறார் என்றாள். திங்கட்கிழமை போனால் டொக்டரைப் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

"போறன், பிள்ளை. இப்ப இதை..."

அவர் சொல்லி முடிக்குமுன்னமே அவள் மாற்றத் தொடங்கியிருந்தாள். எழுத்துக்கள் திரும்பவும் ஊதிப் பெருத்து வந்து நின்றன. அவருக்கு நெஞ்சு லேசானது. தன்னையறியாமல் சிரிப்பும் வந்தது.

படியில் அமலதாஸும் மற்றவர்களும் பேசிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்தினார்.

"என்ர கொம்பியூட்டருக்கு மட்டும் இதைப் போட்டிருக்கலாமே. ஏன் இவ்வளவு பேரிட்டையும் பேச்சு வாங்கினீர்?"

"ஒங்கட எழுத்து மட்டும் பெரிசா இருந்தா, வாற போற எல்லாரும் ஏன்னு கேப்பாங்க தானே, சேர்."