வாடையா, மழையா?

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வடிவு எறும்புக்குப் பயம். காற்றை முகர்ந்து சொல்வது அவள் வேலை. மழை என்றால் முட்டைகளைச் சுவர்மேல் ஏற்றுவார்கள். வெறும் வாடைக்காற்றின் குளிர்தான் என்றால் குழிக்குள்ளேயே வைப்பார்கள். போன ஐப்பசியில் மழை என்றாள். வந்தது வாடை. மேலே ஏற்றிய முட்டைகளெல்லாம் விறைத்துச் செத்தன.

இப்போதும் காற்று சில்லென்று அடித்தது.

“ஏற்றவாடி, வைக்கவா?” என்று கத்தினாள், முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை. “மூக்கு இருக்கா, அதுவும் போன வருஷமே விறைச்சுப்போச்சா?”

“காலம் முன்னே மாதிரி இல்லையே அக்கா. ஒண்ணும் பிடிபடல. நீங்களே பார்த்துச் செய்யுங்க.”

“நாங்களே பார்த்துக்கிட்டா நீ எதுக்குடி?”

வடிவு சுவரேறினாள். ஓட்டு இடுக்கில் ஒருத்தி மட்டும் நுழையக்கூடிய பொந்து இருந்தது. உள்ளே போய், கீழே போடும் கூப்பாடு கேட்காதபடி வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டாள்.